பழைய இயந்திரம், பெரு வேகம்: ஆபத்து எங்கே இருக்கிறது?

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங் ஊரில் இரண்டு விதமான சாலைகள் அருகருகே ஓடுகின்றன. ஒன்று, கிள்ளானையும் பந்திங்கையும் இணைக்கும் கூட்டரசுச் சாலை 5. கடை வரிசை, தொழிற்சாலை வாசல், குடியிருப்பு நுழைவாயில், சமிக்ஞை விளக்கு என்று ஒவ்வொரு சில நூறு மீட்டருக்கும் யாரோ ஒருவர் சாலைக்குள் நுழைகிறார், யாரோ ஒருவர் சாலையை விட்டுத் திரும்புகிறார். மற்றது, எஸ்.கே.வி.இ. எனப்படும் தென் கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலை. காஜாங் பக்கம் தொடங்கி இவ்வூர் வழியாகப் பூலாவ் இண்டா துறைமுகம் வரை ஏறத்தாழ 52 கிலோமீட்டர் நீளம். நேரான, அகலமான பாதை. மலேசிய விரைவுச்சாலைகளின் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். ஆனால் 1990-களில் தயாரான ஒரு ஸ்போர்ட்-டூரிங் மோட்டார் சைக்கிள் அந்த வேகத்தில் பாதி மூச்சுகூட வாங்காது. 200, 220, சில வண்டிகளானால் 270-க்கும் மேல் எட்டும். எட்டும்படியே அது செய்யப்பட்டது.

முப்பது வயதான அத்தகைய வண்டியை அதன் முழு வேகத்துக்கு ஓட்டுவதில் ஆபத்து எதிலிருந்து வருகிறது? இயந்திரத்தின் வயதிலிருந்தா, ஓட்டுபவரின் கையிலிருந்தா, சாலையிலிருந்தா, வேகத்திலிருந்தேயா? இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பொறியாளர்களும் மருத்துவர்களும் போலீஸாரும் ஓட்டுநர் சங்கங்களும் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பதிலிலும் ஓரளவு உண்மை உண்டு. அந்த உண்மைகள் ஒரே எடை கொண்டவை அல்ல என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கேள்வியைப் பிறப்பித்த இயந்திரங்கள்

நெடுந்தூரப் பயணத்துக்கான வசதியும் பந்தய வண்டிக்குரிய வேகமும் ஒரே வண்டியில் வேண்டும் என்ற எண்ணத்துக்கு 1976-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர்100ஆர்எஸ் தெளிவான உருவம் கொடுத்தது. காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்த முழு முகப்புக் கவசத்துடன் தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்த வண்டி அது. 1980-களில் ஜப்பானிய நிறுவனங்கள் அதே வழியில் வேகத்தைக் கூட்டின: 1984-இல் யமஹா எஃப்ஜே1100, 1986-இல் கவாசாகி ஜிடிஆர்1000, 1987-இல் ஹோண்டா சிபிஆர்1000எஃப். 1990-இல் சந்தைக்கு வந்த இரண்டு வண்டிகள் இவ்வகையின் இரு முனைகளாக நின்றன. ஹோண்டா எஸ்டி1100 பயணத்தின் பக்கம் சாய்ந்தது: நான்கு சிலிண்டர் வி எஞ்சின், சங்கிலிக்குப் பதில் ஷாஃப்ட், வண்டியோடு சேர்ந்தே வரும் பக்கப் பெட்டிகள், ஏறத்தாழ 300 கிலோ எடை. கவாசாகி இசட்இசட்ஆர்1100 வேகத்தின் பக்கம் சாய்ந்தது. 280 கிலோமீட்டரை நெருங்கி, அன்றைய உலகின் மிக வேகமான தயாரிப்பு வண்டி என்று பெயர் வாங்கியது. 1996-இல் ஹோண்டாவின் சூப்பர் பிளாக்பேர்ட் அதை மிஞ்சியது. 1999-இல் சுசுகி ஹயபுசா 300-ஐத் தாண்டியதும், அரசுகள் தலையிடுமோ என்ற அச்சத்தில் தயாரிப்பாளர்கள் 299-இல் நிறுத்திக்கொள்ளும் ஓர் எழுதாத உடன்பாட்டுக்கு வந்தனர்.

இவை அனைத்தும் இன்று பழைய வண்டிகள். புதிதாக இருந்தபோது பெரும் செல்வர்களுக்கே கட்டுப்படியானவை, இப்போது சாதாரண வருமானக்காரருக்கும் எட்டும் விலைக்கு வந்துவிட்டன. விலை இறங்கியது போல் வேகம் இறங்கவில்லை. கேள்வியின் வேர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

முதல் பதில்: வண்டி பழசு

பட்டறைகளில் அதிகம் கேட்கும் பதில் இது. இரும்பைவிட ரப்பரும் திரவங்களும்தான் வயதுக்கு விரைவாகப் பணிகின்றன. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். அதிகம் ஓடாத வண்டியின் டயரில் பள்ளம் நிறைய மிச்சமிருக்கும், ஆனால் ரப்பர் இறுகிப் பிடிமானம் போயிருக்கும். பத்து ஆண்டு தாண்டிய டயரை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மாற்றிவிடச் சொல்வது தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. டயரின் வேகக் குறியீடும் முக்கியம்: எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270 கிலோமீட்டர். 270 போகக்கூடிய வண்டிக்கு எச் டயர் மாட்டியிருந்தால், வண்டியின் உண்மையான உச்ச வேகம் அந்த டயர் சொல்வதுதான்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அந்த அளவுகோல் 155 டிகிரிதான். 200 கிலோமீட்டரிலிருந்து ஒரு கனத்த வண்டியை இழுத்து நிறுத்தும்போது பிரேக்கில் பிறக்கும் வெப்பம் சாதாரண நகர ஓட்டத்தில் பிறப்பதே இல்லை. எண்ணெய் கொதித்து ஆவியானால் லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டும், பிரேக் பிடிக்காது. எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் ரப்பர் ஹோஸை நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கின்றன பல கையேடுகள். லங்காட் ஆற்றின் கழிமுகமும் கேரித் தீவும் சூழ்ந்த ஊரில், ஆண்டு முழுதும் ஈரமான காற்றில், அந்தக் கெடுவை நீட்டிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இந்தப் பதிலின் பலம், அது செய்யத்தக்க வேலைகளின் பட்டியலாகவே இருப்பது. பலவீனத்தைப் புள்ளிவிவரம் காட்டுகிறது. 1981-இல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கை, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் நடந்த 900 விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்தது. வண்டிக் கோளாறு காரணமாக நடந்தவை அவற்றில் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. அவற்றிலும் பெரும்பாலானவை டயர் பஞ்சர். ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்த மெய்ட்ஸ் ஆய்வும் இயந்திரக் கோளாறுக்கு மிகச் சிறிய பங்கையே ஒதுக்கியது.

ஆயினும் இந்த எண்களைக் கொண்டு வாதத்தை முடித்துவிட முடியாது. ஹர்ட் அறிக்கையின்படி விபத்துக்குச் சற்று முன் வண்டிகள் ஓடிய வேகத்தின் நடு அளவு மணிக்கு 48 கிலோமீட்டர் மட்டுமே, மோதும்போது 35. ஆயிரத்தில் ஒரு விபத்துதான் 138 கிலோமீட்டரைத் தொட்டது. நகர வேகத்து விபத்துகளைப் பற்றிச் சிறப்பாகச் சொல்லும் அந்த ஆய்வு, 200 கிலோமீட்டரில் ஓடும் முப்பது வயது வண்டியைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை. 50 கிலோமீட்டரில் தெரியவே தெரியாத ஒரு தேய்மானம் 200-இல் உயிர் குடிக்கும் குறையாக மாறலாம். அது எப்படி என்பதை இயற்பியல் விளக்குகிறது.

வேகத்தில் விழிக்கும் ஆட்டம்

இரு சக்கர வண்டி ஏன் விழாமல் ஓடுகிறது என்ற கணிதத்தை 1899-இலேயே இங்கிலாந்தின் விப்பிள் எழுதினார், சைக்கிளை வைத்து. மோட்டார் சைக்கிளுக்கு அதை விரித்து, டயரின் நடத்தையையும் சேர்த்து, 1971-இல் ராபின் ஷார்ப் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடித்தளமானது. வேகமாக ஓடும் வண்டிக்கு இரண்டு வகை ஆட்டம் உண்டு என்று அது தெளிவாக்கியது. ஒன்று நடுக்கம், ஓட்டுநர்கள் 'வோபல்' என்பது: முன்சக்கரமும் ஹேண்டிலும் மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 முறை இடமும் வலமும் படபடக்கும். மற்றது அலைவு, 'வீவ்': வண்டி முழுவதும் நொடிக்கு 2 முதல் 4 முறை பாம்பு போல் நெளியும். நடுக்கம் பெரும்பாலும் நடுத்தர வேகங்களின் சிக்கல். அலைவோ வேகம் ஏற ஏற அடங்கும் தன்மையை இழக்கும். 120-இல் ஒரு மேட்டில் தட்டி எழும் நெளிவு ஓரிரு நொடியில் தானே அடங்கிவிடும்; அதே நெளிவு 210-இல் அடங்காமல் நீடிக்கலாம், வளரவும் கூடும்.

ஷார்ப் காட்டிய இன்னொன்று, வண்டியைத் தானே மேம்படுத்த நினைப்பவர்கள் அறிய வேண்டியது. ஸ்டீரிங் டாம்பர் பொருத்தினால் நடுக்கம் அடங்கும். ஆனால் மிகு வேகத்தில் அதே டாம்பர் அலைவை இன்னும் மோசமாக்கலாம். ஒரு நோய்க்கு மருந்து மற்ற நோய்க்கு ஊட்டமாகிறது.

அலைவை எவை தூண்டும் என்று பார்த்தால், பழைய ஸ்போர்ட்-டூரிங் வண்டியையே வருணிப்பது போல் இருக்கும்: தேய்ந்த ஸ்டீரிங் ஹெட் பேரிங், தளர்ந்த ஸ்விங் ஆர்ம் புஷ், சோர்ந்த பின் அப்சார்பர், நெடுஞ்சாலை ஓட்டத்தில் நடுவே தட்டையான பின்டயர், பின்பக்கம் உயரத்தில் தொங்கும் சுமை, காற்றை வாங்கும் உயரமான கண்ணாடித் தடுப்பு. பின் பெட்டிகள் செய்யும் கிவி நிறுவனம் தன் பெட்டியோடு 120 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம் என்கிறது. பெட்டியின் உள்ளே ஒட்டியிருக்கும் அந்த எச்சரிக்கையை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வயது மட்டுமே இதற்குக் காரணம் அல்ல என்பதற்கும் சான்று உண்டு. ஹோண்டாவின் எஸ்டி1300, எஸ்டி1100-இன் வாரிசாக 2000-களின் தொடக்கத்தில் வந்தது. பிரிட்டனின் போலீஸ் படைகள் அதை விரும்பி வாங்கின. 2005-இல் அங்கே அவ்வண்டியில் சென்ற ஒரு போலீஸ்காரர் இறந்தார். அந்த மரண விசாரணையில் மிகு வேக அலைவு பற்றிய கேள்வி முன்னுக்கு வந்தது. 2007-இல் பல படைகள் அவ்வண்டியைப் பணியிலிருந்து விலக்கின. விலக்கப்பட்டவை புதிய வண்டிகள், ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டவை. ஓட்டியவர்கள் மிகுந்த பயிற்சி பெற்றவர்கள். வானொலிக் கருவி, கூடுதல் பெட்டி என்று போலீஸ் பயன்பாட்டுக்கு ஏற்றிய சுமைதான் காரணம் என்று ஒரு தரப்பு சொன்னது. வடிவமைப்பிலேயே கோளாறு என்று மறுதரப்பு. தனியார் கையில் அதே வண்டி ஆண்டுக்கணக்கில் சிக்கலின்றி ஓடியதும் உண்மை. இவ்விவாதம் முழுமையாகத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பயிற்சியும் பராமரிப்பும் இருந்தால் எந்த வேகமும் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையில் இந்த வழக்கு ஒரு விரிசலை ஏற்படுத்தியது.

இரண்டாம் பதில்: எல்லாம் ஓட்டுபவர் கையில்

ஓட்டுநர் சங்கங்களுக்கு உகந்த பதில் இது. மலேசிய உரிம முறையும் இதைத்தான் அடியில் நம்புகிறது: 250 சிசி வரை பி2, 500 சிசி வரை பி1, அதற்கு மேல் பி முழு உரிமம். பெரிய வண்டிக்குப் பெரிய தகுதி வேண்டும் என்பது நியாயமே. ஆனால் பி உரிமத் தேர்வு எதுவும் ஒருவரை 200 கிலோமீட்டருக்குத் தயார் செய்வதில்லை. பொதுச் சாலையில் அது சட்டவிரோதம் என்பதால் செய்யவும் முடியாது. ஆகவே அவ்வேகத்தில் ஓட்டும் அனைவரும் தாமே கற்றவர்கள்தான்.

ஓட்டுநர் திறன் என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. வண்டியைக் கையாளும் திறன் ஒன்று: அலைவு எழும்போது கையை இறுக்காமல், பிரேக்கைப் பிடிக்காமல், மெல்லத் திராட்டிலைக் குறைப்பது. இது பயிற்சியால் வரும். தன் வேகத்தைத் தானே உணரும் திறன் மற்றொன்று. பயிற்சியால் இது அவ்வளவு எளிதில் வருவதில்லை. நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓடினால் அந்த வேகம் குறைவாகத் தோன்றத் தொடங்கும். காற்றிரைச்சல் குறைந்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். ஸ்போர்ட்-டூரிங் வண்டியின் கவசமும் மென்மையான எஞ்சினும் களைப்பைப் போக்கவே வடிவமைக்கப்பட்டவை. அவையே வேகத்தின் அடையாளங்களையும் மறைத்துவிடுகின்றன. கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிள் 110-இல் ஓடும்போது தன் முழு உடம்பாலும் எச்சரிக்கும். பழைய எஸ்டி1100 170-இலும் எதுவும் சொல்லாது.

கணக்கோ திறமை பார்ப்பதில்லை. ஒன்றரை நொடி எதிர்வினை நேரமும் உலர்ந்த சாலையில் நல்ல பிரேக்கும் இருப்பதாக வைத்துக்கொண்டால், 110-இலிருந்து நிற்க ஏறத்தாழ 105 மீட்டர் வேண்டும். 200-இலிருந்து 275 மீட்டருக்கு மேல். 250-இலிருந்து 400 மீட்டர். திறமைசாலி எதிர்வினையில் அரை நொடி மிச்சம் பிடித்தால் 200-இல் அவருக்குக் கிடைப்பது 28 மீட்டர். அது பெரிய லாபம்தான், ஆனால் வேகம் கேட்கும் விலைக்கு முன் சிறியது. இரவில் முன்விளக்கு காட்டும் தூரத்தைக் கணக்கில் எடுத்தால் அந்த லாபத்துக்கும் பொருளில்லை. ஓட்டுபவர் தன் கண்ணுக்கு எட்டாத சாலையில்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் பதில்: வேகம் அல்ல, வேக வேறுபாடு

1964-இல் அமெரிக்க ஆய்வாளர் சாலமன், ஊர்ப்புற நெடுஞ்சாலை விபத்துகளை ஆராய்ந்து ஒரு வளைகோடு வரைந்தார். சராசரி வேகத்தை ஒட்டி ஓடும் வாகனத்துக்கே விபத்து வாய்ப்பு மிகக் குறைவு. மிக மெதுவாகப் போனாலும் மிக விரைவாகப் போனாலும் அது கூடும். வேகத்தை ஆதரிப்பவர்கள் இதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள்: குற்றம் வேகத்தில் இல்லை, வேறுபாட்டில்தான் என்றார்கள். பின்வந்த ஆய்வாளர்கள் சாலமனின் முறையைப் பல கோணங்களில் குறை கூறினர். திரும்புவதற்காக வேகம் குறைத்த வாகனங்களும் மெதுவானவற்றின் கணக்கில் சேர்ந்துவிட்டன என்பது அவற்றில் ஒன்று. ஸ்வீடனின் நில்சன் வேறொரு தொடர்பைக் கண்டார்: ஒரு சாலையின் சராசரி வேகம் கூடும்போது, உயிர்ச்சேத விபத்துகள் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகின்றன. பல நாடுகளின் தரவுகளில் சோதிக்கப்பட்டு, திருத்தங்களோடு இன்றும் பயன்பாட்டில் இருக்கும் மாதிரி அது.

தெலுக் பங்லிமா காராங்கைப் பொறுத்தவரை இந்த இரு தரப்பும் ஒரே முடிவுக்குத்தான் இட்டுச் செல்கின்றன. ஏனென்றால் மலேசியச் சாலையின் தனித்தன்மை கலப்பு. விரைவுச்சாலையிலும் மோட்டார் சைக்கிள்களுக்கு இடமுண்டு, பெரும்பாலான இடங்களில் டோலும் இல்லை. ஆகவே பூலாவ் இண்டாவுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் வேலைக்குப் போகும் கப்சாய், கொள்கலன் ஏற்றிய லோரி, குடும்பக் கார், பழைய சூப்பர்பைக் எல்லாம் ஒரே பாதையில். 70-இல் போகும் கப்சாயை 200-இல் நெருங்கும் வண்டி நொடிக்கு 36 மீட்டர் வீதம் அதை அணுகுகிறது. கப்சாய்க்காரர் கண்ணாடியைப் பார்த்து, தடம் மாறலாம் என்று முடிவெடுக்க இரண்டு நொடி ஆகும் என்றால், அவர் பார்த்தபோது 70 மீட்டருக்கு அப்பால் இருந்த வண்டி இப்போது அவர் மேல் இருக்கிறது. அவர் தவறு செய்யவில்லை. அவர் கற்ற அளவுகோலுக்குள் அந்த வேகம் இல்லை, அவ்வளவுதான்.

சாலை 5-இன் சந்திப்புகளில் நிலைமை இன்னும் கடினம். எதிர்ச்சாரியைக் கடந்து திரும்பக் காத்திருக்கும் கார்க்காரர் 200 மீட்டரில் ஒற்றை விளக்கைக் காண்கிறார். வண்டி 90-இல் வந்தால் அவருக்கு 8 நொடி உண்டு, தாராளமாகத் திரும்பலாம். 200-இல் வந்தால் மூன்றரை நொடிதான். ஒற்றை விளக்கை வைத்து வேகத்தை அளப்பது மனிதக் கண்ணுக்கு எளிதல்ல; சிறிய உருவம் தொலைவில் இருப்பதாகவே தோன்றும். ஹர்ட் அறிக்கையின் மிகப் புகழ்பெற்ற முடிவு, பல வாகன விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு மற்ற வாகனம் வழிவிடத் தவறியதால் நடந்தது என்பது. ஓட்டுநர்கள் இதைத் தம் பக்கச் சான்றாக அடிக்கடி எடுத்துக் காட்டுகிறார்கள். நகர வேகத்தில் அது சரி. மற்றவர் வழிவிட முடியாத வேகத்தில் வந்துவிட்டு, வழிவிடவில்லை என்று அவர்மேல் பழி போடுவதற்கு அந்த முடிவு இடம் தருவதில்லை.

மலேசியாவில் ஆண்டுக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் சாலையில் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இதைச் சூப்பர்பைக்கின் தலையில் கட்டுவது தவறு, இறப்பவர்களில் மிகப் பலர் சிறிய வண்டிகளில் போனவர்களே. அதனால்தான் கேள்வி கனக்கிறது. வேகத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர். அந்தத் தேர்வில் பங்கே இல்லாமல் ஷிப்ட் முடிந்து வீடு திரும்புபவர் இன்னொருவர். கிள்ளான், பந்திங் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கப்சாயை நம்பி வாழாத வீடு அரிது.

ஜெர்மனியும் மற்ற எடுத்துக்காட்டுகளும்

வேக வரம்பை எதிர்ப்பவர்கள் ஆட்டோபானைச் சுட்டுவார்கள். அங்கே பெரும்பகுதிச் சாலைக்கு வரம்பு இல்லை, 1978 முதல் 130 என்ற பரிந்துரை மட்டுமே. ஆனால் ஆட்டோபானில் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் திறனற்ற வாகனத்துக்கு அனுமதியில்லை. வலப்பக்கத் தடத்தைப் பிடித்து ஓட வேண்டும் என்ற ஒழுங்கு கடுமையாகக் காக்கப்படுகிறது. மோட்டார் சைக்கிள்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொழில்நுட்பப் பரிசோதனையில் தேற வேண்டும். ஜப்பானிலும் 250 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அப்படியொரு கால முறைச் சோதனை உண்டு, பிரிட்டனில் ஆண்டுதோறும். மலேசியாவில் தனியார் மோட்டார் சைக்கிளை ஆண்டுதோறும் வாகனப் பரிசோதனை நிலையத்தில் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாலை வரியையும் காப்புறுதியையும் புதுப்பித்தால் போதும். ஆக, ஆட்டோபானின் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கி நிற்கும் ஏற்பாடுகளை விட்டுவிடும் வாதம் இது. ஆஸ்திரேலியாவின் வட பிரதேசமும் வரம்பில்லாச் சாலைகளை நெடுங்காலம் வைத்திருந்தது. 2007-இல் 130 ஆக்கியது, பின்பு சில பகுதிகளில் மீண்டும் திறந்து பார்த்து, அதையும் கைவிட்டது.

தனித் தடமும் பந்தயத் திடலும்

சாலைப் பொறியாளர்களின் பதில் பிரித்து வைப்பது. இதில் கிள்ளான் பள்ளத்தாக்கு உலகுக்கே முன்னோடி. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனித் தடம் போடப்பட்டது. ஆய்வாளர் ராடின் உமார் குழுவினரின் ஆய்வு, அத்தடம் மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஏறத்தாழ 39 விழுக்காடு குறைத்ததாக மதிப்பிட்டது. கப்சாய்க்காரர்களுக்கு இது பெரும் காப்பு. ஆனால் குறுகலான, வளைவுகள் நிறைந்த அத்தடம் பெரிய வண்டியின் வேகத்துக்காகப் போடப்பட்டதல்ல; அவ்வண்டிகள் வெளிச்சாலையில்தான் ஓடுகின்றன. பிரித்து வைப்பது பலவீனமானவரைக் காக்கிறது, வேகமானவரின் கேள்வியைத் தொடவில்லை.

வேகம் வேண்டுமென்றால் பந்தயத் திடலுக்குப் போகலாமே என்பது இன்னொரு பதில். ஷா ஆலாமின் பத்து தீகா திடல் 1968-இல் தொடங்கி, 1991 முதல் 1997 வரை மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரியை நடத்தியது. பின்பு அது இடிக்கப்பட்டு அங்கே வீடுகளும் கடைகளும் எழுந்தன. 1999-இல் திறந்த சிப்பாங் திடல் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து அதிக தூரமில்லை. பொதுமக்கள் தம் வண்டியை ஓட்டும் நாட்களும் அங்கே உண்டு. எதிரே யாரும் வரமாட்டார்கள், விழுந்தால் மோதத் தூண் இல்லை, ஆம்புலன்ஸ் காத்திருக்கும். பொதுச் சாலையை விட எல்லா வகையிலும் மேல். இருந்தும் இப்பதில் கேள்வியை ஓரளவு தட்டிக் கழிக்கிறது. 300 கிலோ டூரிங் வண்டி திடலுக்காகச் செய்யப்பட்டதல்ல. இவ்வண்டியை வாங்குபவர் விரும்புவது தூரத்தையும் வேகத்தையும் சேர்த்து. தாய்லாந்து எல்லையைத் தாண்டி பெத்தோங் வரை போய்வரும் குழுக்களுக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் வட்டம் ஈடாகாது.

சட்டமும் கருவியும்

1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வேக வரம்பு மீறலையும் ஆபத்தான ஓட்டத்தையும் தனித்தனிக் குற்றங்களாக வைத்திருக்கிறது. முதலாவது பெரும்பாலும் 300 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்மனோடு முடியும். 200-இல் ஓடுவது வெறும் வரம்பு மீறலா, தன்னளவிலேயே ஆபத்தான ஓட்டமா என்ற கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. கருவி வழியான தீர்வும் பேசப்படுகிறது. ஏ.பி.எஸ். பிரேக் உயிர்ச்சேதத்தைக் கணிசமாகக் குறைப்பதாக அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களின் ஆய்வமைப்பு கண்டது. மலேசியாவும் 150 சிசி முதலான புதிய வண்டிகளுக்கு அதைக் கட்டாயமாக்க 2025-ஐத் தொடக்கமாக அறிவித்தது. பழைய வண்டிகளுக்கு இதனால் பயனில்லை. பி.எம்.டபிள்யூ. 1988-இலேயே கே100-இல் அதைப் பொருத்தியிருந்தாலும், அக்கால டூரிங் வண்டிகளில் மிகப் பல அது இல்லாமலேயே விற்பனையாயின.

மதிப்பீடு

இயந்திரத்தின் வயது உண்மையான ஆபத்து. ஆனால் எல்லாவற்றிலும் மிக எளிதாகக் குறைக்கத்தக்கது அதுவே. புது டயர், புது எண்ணெய், புது ஹோஸ், நல்ல பேரிங், காலிப் பெட்டி: இவற்றோடு ஒரு பழைய எஃப்ஜேயோ எஸ்டியோ சட்ட வேகத்தில் இன்னும் பல ஆண்டு நம்பிக்கையாக ஓடும். அவ்வண்டிகளைப் பேணுபவர்களின் உழைப்பு மதிக்கத்தக்கது; பழசு என்பதற்காகவே அவற்றைச் சாலையிலிருந்து விரட்டச் சொல்வோரின் வாதத்துக்குத் தரவின் துணை இல்லை. ஓட்டுநர் திறன் ஓரளவு உதவும், ஆனால் தூரத்தையும் நேரத்தையும் அது மாற்றாது. எஞ்சுவது வேகமும் வேக வேறுபாடும். பட்டறையில் ஆயிரம் செலவழித்தாலும் அவை குறைவதில்லை; மற்றவர் தலையில்தான் போய் விழுகின்றன. கப்சாயும் லோரியும் சந்திப்பும் கலந்த சாலையில் 200 கிலோமீட்டரை நியாயப்படுத்தும் வாதம் எதுவும், இங்கே பார்த்தவற்றுள், தேறியதாகத் தோன்றவில்லை.

தீராத கேள்விகள் மூன்றேனும் உள்ளன. கால முறைப் பரிசோதனையைப் பழைய பெரிய வண்டிகளுக்கு மட்டும் கட்டாயமாக்கினால் உயிர்கள் மிஞ்சுமா, அல்லது செலவு மட்டும் ஏறுமா? ஹர்ட், மெய்ட்ஸ் இரண்டுமே இயந்திரக் கோளாறைச் சிறிய காரணமாகக் காண்பதால், ஆதரிப்போர் இன்னும் வலுவான சான்று தர வேண்டியிருக்கிறது. இரண்டாவது, மிகு வேக அலைவு. கணித மாதிரிகள் புது வண்டியின் அளவுகளைக் கொண்டு கட்டப்படுகின்றன. முப்பது ஆண்டு வெப்ப மண்டல ஈரத்தில் கிடந்த புஷ்ஷும் அப்சார்பரும் அலைவு அடங்காமல் போகும் வேக எல்லையை எத்தனை கிலோமீட்டர் கீழே இழுக்கின்றன என்பது தனியே சோதிக்க வேண்டியது. மூன்றாவது, கலப்புச் சாலையில் வேக வேறுபாடு எந்த அளவைத் தாண்டும்போது மற்ற ஓட்டுநரின் தீர்ப்பு முறிகிறது என்பது. சாலமனும் நில்சனும் ஆராய்ந்தவை பெரும்பாலும் கார்கள் ஓடிய மேலை நாட்டுச் சாலைகள். 2007-இல் அமைந்த மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையமான மிரோஸ் போன்ற ஒன்றுக்குச் சாலை 5-இன் சந்திப்புகளும் எஸ்.கே.வி.இ.-யின் இடப்பக்கத் தடமும் இதை அளக்கப் பொருத்தமான களங்கள்: ஒரே ஊரில், ஒரே மக்கள், இரு வேறு வடிவிலான சாலைகளில்.